உட்கார்ந்தால் தொண்ணூற்றேழு

வைட்ஃபீல்ட்
ஜூன் 4

என்னங்க,

போனை எடுக்கவில்லை என்று கோபமாக இருப்பீர்கள். எடுத்துப் பயனில்லை. இரண்டு வாக்கியம் பேசினால் எனக்கு இருமல் வருகிறது. அந்த இருமலைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வருகிறது. எழுதினால் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாம், உங்களுக்குத் தெரியாது. நம் எதிர்வீட்டு ரெமிஜியஸ் அண்ணன் ஆபீஸ் வேனை அல்சூரிலிருந்து தினமும் சுப்ரியா அக்காவின் அபார்ட்மென்ட் வாசல் வழியாகத்தான் ஓட்டிப்போகிறார். அவரிடம் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்குச் சின்ன விஷயமாக இருக்கலாம். துணிக் கூடையோடு மாடிக்குப் போனவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கீழே உங்கள் புறாப் பந்தய கிளப் ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தீர்கள், நாற்காலியில் உட்காரவைத்தீர்கள், தண்ணீர் கொடுத்தீர்கள். எல்லாம் ஆறிய பிறகு விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினீர்கள். தொண்ணூற்றேழு. அதை எல்லோருக்கும் திருப்பிக் காட்டினீர்கள். "பாத்தீங்களா, எனக்கே தொண்ணூத்தாறுதான். மேடத்துக்கு மாடிப்படியப் பாத்தாதான் மூச்சு வாங்கும்." அவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் நடிக்கவில்லை. நர்சரிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது வரியின் நடுவில் மூச்சு தீர்ந்துபோகிறது. அது பாட்டின் ஒரு பகுதி என்று நினைத்து அவர்களும் அதே இடத்தில் நிறுத்துகிறார்கள். பொங்கலுக்குத் தைத்த ரவிக்கை தோளில் நிற்கவில்லை. எனக்குள் ஏதோ இருக்கிறது. அது என்னவென்று ஒருவர் சொல்லும்வரை அக்கா வீட்டில்தான் இருப்பேன். நுரையீரல் டாக்டரைப் பார்க்கப் பதிந்திருக்கிறோம்.

பீரோவின் மேல் பழைய எக்ஸ்ரே கவர் இருக்கிறது. கொடுத்தனுப்புங்கள்.

வீணா


அல்சூர்
ஜூன் 7

வீணா,

எக்ஸ்ரே குடுத்திருக்கேன். எனக்கு லெட்டர் எழுதிப் பழக்கமில்ல. பேசுற மாதிரிதான் வரும். தப்பு இருந்தா டீச்சரம்மா சிவப்பு மை போட்டுக்கோ.

உன்ன கேலி பண்றதுக்குன்னே நான் அந்த மிஷின வாங்கின மாதிரி எழுதியிருக்கே. அது எப்ப வாங்கினதுன்னு மறந்துட்டியா? கொரோனா ரெண்டாவது அலை. அப்பா நாற்காலியில உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தார். மூச்சு வாங்கல, முகம் வாடல, "எனக்கு ஒண்ணுமில்லடா"ன்னார். மிஷின் மட்டும் எண்பத்திரண்டுன்னுச்சு. அவர் திட்டத் திட்டத் தூக்கிட்டு ஓடினோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னார். இன்னிக்கு அவர் ஒக்கலிபுரத்துல தங்கச்சி வீட்ல கேரம் ஆடிட்டிருக்கார்னா அந்த மிஷினாலதான். மனுஷன் வாய் ஒண்ணு சொல்லும், உடம்பு ஒண்ணு சொல்லும். அது உடம்ப கேட்டு சொல்லுது. அது தொண்ணூத்தேழுன்னா தொண்ணூத்தேழு.

சும்மா பயப்படாதே. ரத்தம் கம்மியா இருக்கும். பேரீச்சம்பழம் சாப்பிடு.

இங்க மழை. நம்ம புறா கருப்பி முட்டை வெச்சிருக்கு. நீ இல்லாம கூட்டை நானே பெருக்கிட்டு டூட்டிக்குப் போறேன், தினமும் லேட்டாகுது, சூப்பர்வைசர் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கறான். எந்த அபார்ட்மென்ட்ல லிஃப்ட் நின்னாலும் என்னைத்தான் கூப்பிடறாங்க.

கிளப் ஆளுங்க முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஒத்துக்கறேன். அதுக்காக வீட்ட விட்டுப் போவாங்களா? வந்துடு.

நரேஷ்


வைட்ஃபீல்ட்
ஜூன் 15

என்னங்க,

டாக்டரைப் பார்த்துவிட்டேன். சிந்து என்று பேர், என்னைவிடச் சின்னவர். முதல் காரியமாக அவரும் விரலில் அதே மாதிரிக் கருவியை மாட்டினார். தொண்ணூற்றாறு. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவரும் பேரீச்சம்பழம் சொல்லி அனுப்பிவிடுவார் என்று பையைக்கூட எடுத்துக்கொண்டேன்.

"எங்க கிளம்பறீங்க? உக்காந்திருக்கும்போது உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

"அப்புறம் உக்காரவெச்சுப் பார்த்தா எப்படித் தெரியும்? வாங்க, நடப்போம்."

வெளியே நீளமான நடை. நர்ஸ் ஒருத்தர் கூடவே வந்தார். கருவி என் விரலிலேயே இருந்தது. அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பினோம். தொண்ணூற்று மூன்று. இன்னொரு முறை. எண்பத்தொன்பது. நான் நிற்கவில்லை. இவ்வளவு நாள் என்னை யாரும் இப்படிப் பார்த்ததில்லை, நிறுத்தினால் மறுபடியும் தொண்ணூற்றாறு ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. எண்பத்தைந்து வந்ததும் நர்ஸ் என் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஆனால் மனசு லேசாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

டாக்டர் நிதானமாகச் சொன்னார். அந்தக் கருவி பொய் சொல்லவில்லையாம். அந்த நிமிஷத்து ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் என்பதைத்தான் அது சொல்லும், நுரையீரல் எப்படி இருக்கிறது என்று சொல்லாது. சும்மா இருக்கும்போது உடம்புக்குக் கொஞ்சம் போதும், கெட்டுப்போன நுரையீரலும் அதைச் சமாளித்துவிடும். வேலை கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும். அப்புறம், விரல் சில்லென்று இருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் கையை ஆட்டினாலும் எண் தப்பும். என் மாதிரிக் கறுப்புத் தோலுக்கு உள்ளதைவிட இரண்டு மூன்று கூட்டிக் காட்டவும் செய்யலாமாம். அதனால் தேவைப்பட்டால் மணிக்கட்டில் ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றார்.

கடைசியில் ஒன்று கேட்டார். "வீட்ல பறவை ஏதாவது வளர்க்கறீங்களா?"

உள்ளதைச் சொன்னேன். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எழுதியிருக்கிறார். புறாதான் காரணம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. வேறு யார் வாயாலும் நீங்கள் கேட்கக் கூடாது என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

வீணா


அல்சூர்
ஜூன் 19

வீணா,

இப்பதான் புரியுது. உங்க அக்காவுக்கு எப்பவுமே நம்ம புறாவப் பாத்தா இளக்காரம். அந்த அபார்ட்மென்ட்ல ஒவ்வொரு பால்கனிக்கும் வலை கட்டி வெச்சிருக்காங்க, புறான்னா அவங்களுக்கு ஏதோ பேய் மாதிரி. அவங்கதான் டாக்டர் காதுல போட்டிருப்பாங்க.

நான் பத்து வயசுலேர்ந்து புறாவோட இருக்கேன். எனக்கு என்ன ஆச்சு? உன் லெட்டர் வந்ததும் மிஷின மாட்டிக்கிட்டு மூணு மாடி ஏறி இறங்கினேன். தொண்ணூத்தாறு, தொண்ணூத்தாறு, தொண்ணூத்தஞ்சு. அவ்வளவுதான். புறாவால வருதுன்னா முதல்ல எனக்கில்ல வரணும்?

பிடிக்கலைன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. யாரு தினமும் கூட்டை சுரண்டிப் பெருக்கச் சொன்னது? யாரு குஞ்சுங்கள முந்தானையில வெச்சுக் காட்டச் சொன்னது? போன வருஷம் ரேஸ்ல கருப்பி போபால்லேர்ந்து பறந்து வந்து இறங்கினப்ப தெருவே கேக்கற மாதிரிக் கத்தினது நீதானே? இப்ப என் புறா உனக்கு நோய் ஆயிடுச்சு.

பதில் எழுதப் போறேன்னதும் ரெமிஜியஸ் வேற, "எழுதிட்டு ஒரு நாள் கழிச்சுக் குடு நரேஷ்"ன்னார். நான் கேக்கப் போறதில்ல.

நரேஷ்


வைட்ஃபீல்ட்
ஜூலை 3

என்னங்க,

முடிவு வந்துவிட்டது. புறாதான்.

எச்சம் காய்ந்த தூள், இறகிலிருந்து உதிரும் வெள்ளைப் பொடி. அதை என் உடம்பு எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறது. சண்டை நடக்கும் இடம் நுரையீரல். ஒரே தூளை இரண்டு பேர் சுவாசித்தால் ஒருவருக்கு ஒன்றும் ஆகாது, இன்னொருவருக்கு ஆகும், ஏன் என்று தங்களுக்கே முழுசாகத் தெரியாது என்றார் டாக்டர். அக்கா டாக்டர் காதில் எதுவும் போடவில்லை, அவள் அன்றைக்கு ஆபீசில் இருந்தாள். ஸ்கேன் படத்தில் என் நுரையீரலின் கீழ்ப்பக்கம் பனி மூடின கண்ணாடி மாதிரி இருக்கிறது. வீக்கம் மாத்திரையால் ஆறும். ஆனால் அங்கங்கே தழும்பு விழ ஆரம்பித்திருக்கிறது. தழும்பு ஆறாது. தூள் நிற்காவிட்டால் அது பரவும். பரவினால் பிறகு உட்கார்ந்திருக்கும்போதும் தொண்ணூற்றேழு வராது.

யார் பெருக்கச் சொன்னது என்று கேட்டீர்கள். யாரும் சொல்லவில்லை. எனக்கு அவற்றைப் பிடிக்கும். கருப்பி இறங்கியபோது நான் கத்தியது நிஜம்தான். அதெல்லாம் பொய் என்று நான் எழுதியிருக்கிறேனா?

புறாவை விடுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். அது உங்கள் உயிர் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் உயிர் எனக்குத் தெரியும். புறா இருக்கும் வீட்டுக்கு நான் வரமாட்டேன். பார்க்க, ஒரு நாள் தங்க, தீபாவளிக்கு, எதற்கும் இல்லை. இதில் கோபம் எதுவும் இல்லை. முடிவு செய்துவிட்டேன், அவ்வளவுதான்.

பள்ளியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். கடுகோடியில் ஒரு நர்சரியில் தசராவுக்குப் பிறகு சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் ஒரு பாட்டை முழுதாகப் பாட வேண்டும். தினமும் காம்பவுண்டுக்குள், புதிதாக வாங்கிய கருவியை மாட்டிக்கொண்டு நடக்கிறேன். எண்பத்தெட்டு வந்தால் பெஞ்சில் உட்காருகிறேன், தொண்ணூற்று நான்குக்கு ஏறினதும் எழுந்திருக்கிறேன். மாத்திரையில் முகம் ஊதிவிட்டது. நடையை நிறுத்தவில்லை.

வீணா


அல்சூர்
ஆகஸ்ட் 2

வீணா,

ஒரு மாசமா எழுதல. எழுத உக்காந்தா கோபமாத்தான் வந்துச்சு, கிழிச்சுப் போட்டேன்.

போன வாரம் ரெமிஜியஸ், "வண்டியில சீட் காலியா இருக்கு, வரியா"ன்னார். வந்தேன். நீ இருக்கிற அபார்ட்மென்ட் கேட்டுக்கு எதிர்ல டீக்கடை இருக்கே, அங்க நின்னேன். நீ பச்சை சுடிதார்ல நடந்துட்டிருந்தே. பெஞ்சுல உக்காந்தே. விரலப் பாத்தே. எழுந்தே. நடந்தே. மறுபடி உக்காந்தே. வாட்ச்மேன் ஏதோ கேட்டார், நீ கைய மட்டும் ஆட்டினே, பேசல. உள்ள வரலாம்னு கால் எடுத்தேன். சட்டையப் பாத்தேன். காலைல கூடு பெருக்கின அதே சட்டை. அப்படியே திரும்பிட்டேன்.

வேன்ல வரும்போது ஒண்ணு தோணுச்சு. நாங்க லிஃப்ட் சர்வீஸ் முடிச்சா காலி லிஃப்ட ஏத்தி இறக்கிப் பாத்து கையெழுத்துப் போடமாட்டோம். காலியா எல்லா லிஃப்டும் நல்லாத்தான் போகும். எடைக் கல்லு ஏத்தி, லோடு குடுத்துப் பாத்தாதான் பிரேக் தேஞ்சிருக்கா, கயிறு இழுக்குதான்னு தெரியும். இருபது வருஷமா நான் பண்ற வேலை இது. உன்ன மட்டும் காலியா நிறுத்திப் பாத்து கையெழுத்துப் போட்டுட்டேன்.

அப்பா கிட்ட போய் சொன்னேன். கேரம் காய அடிச்சுக்கிட்டே கேட்டார்: "என்னைத் தூக்கிட்டு ஓடினப்ப நான் வேணாம்னேன். நீ கேட்டியா?"

"இல்லப்பா."

"அவ உயிரு வேணும்னு சொல்றா. இதுக்கு என்ன யோசனை?"

ஹோசகோட்டேல நம்ம கிளப் சுந்தரம் இருக்கார்ல, புறா எல்லாத்தையும் அவர் கிட்ட குடுத்துட்டேன். ஆட்டோவில கூடை கூடையா கொண்டுபோய் விட்டேன். உனக்கு உடனே எழுதணும்னு இருந்தேன். ஆனா மறுநாள் சாயங்காலம் டூட்டி முடிஞ்சு வந்து பாத்தா பாதிப் புறா நம்ம மொட்டை மாடியில நிக்குது. சுந்தரம் தண்ணி வெக்கக் கதவத் திறந்திருக்கார், அவ்வளவுதான். வராம என்ன செய்யும்? வீட்டுக்கு வர்றதத் தவிர நான் அதுங்களுக்கு வேற என்ன பழக்கினேன்?

இப்ப என்ன பண்றதுன்னு தெரியல. தெரிஞ்சதும் எழுதறேன்.

நரேஷ்


வைட்ஃபீல்ட்
ஆகஸ்ட் 6

என்னங்க,

உங்கள் கடிதத்தை அக்காவிடம் காட்டவில்லை. எனக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

டீக்கடையில் நின்றது நீங்கள்தானா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. கூப்பிட்டிருப்பேன், ஆனால் அவ்வளவு தூரத்துக்குக் குரல் எடுக்க மூச்சு இல்லை. சட்டையைப் பார்த்துத் திரும்பினீர்களே, உள்ளே வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு நிம்மதி வந்திருக்காது.

திரும்பி வந்த புறாக்களை அடிக்காதீர்கள், விரட்டாதீர்கள். அவை என்ன செய்யும்! பொறுமையாக யோசித்து ஒரு வழி செய்யுங்கள். அவசரமில்லை. நான் எங்கேயும் போகவில்லை, வரவும் இல்லை.

கூட்டைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போடுங்கள். தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்குங்கள். உங்களுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக இனிமேலும் ஆகாது என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை.

வீணா


அல்சூர்
செப்டம்பர் 10

வீணா,

முடிஞ்சுது.

சின்னக் குஞ்சுங்க புது இடம் பழகிக்கும், அதுங்க சுந்தரம் கூட்டுலேர்ந்தே பறக்கும். பெரிசுங்க பழகாது. எந்த நாள் விட்டாலும் அல்சூருக்குத்தான் வரும். அதனால அதுங்கள ஜோடி போட்டு உள்ளயே வெச்சுக்கணும், குஞ்சு பொரிக்கறதுக்கு மட்டும். வெளிய விடவே கூடாது. சுந்தரம் கம்பி வலை அடிச்சு நல்லாப் பெரிசா கட்டித் தந்தார். உள்ள பறக்கலாம், ஆனா அதுக்குப் பேரு பறக்கறது இல்ல. நம்ம கருப்பி போபால்லேர்ந்து பறந்து வந்த புறா, வீணா. நான்தான் உள்ள விட்டு தாப்பாள் போட்டேன். கருப்பி கைய விட்டு எறங்கவே மாட்டேன்னுச்சு. வேற யார் கையாலயும் வேணாம்னு நானே பண்ணினேன்.

கூட்ட உடைச்சாச்சு. பலகை, தகரம் எல்லாம் போயிடுச்சு. மாடிய சோப்புத் தண்ணி விட்டுக் கழுவினேன். மெத்தை, தலகாணி, என் பழைய சட்டை எல்லாத்தையும் தூக்கிப் போட்டேன். சுவருக்கு வெள்ளை அடிச்சிருக்கேன். சாயங்காலம் மேல போய் நிக்கறதில்ல. நின்னா வானத்தப் பாக்கத் தோணும்.

வந்து பாரு. உன் மிஷின எடுத்துட்டு வா.

நரேஷ்


வைட்ஃபீல்ட்
அக்டோபர் 14

என்னங்க,

ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்குள் வந்தபோது எனக்கு வந்த அழுகைக்கு நீங்கள் காரணமில்லை. சுவர் பளிச்சென்று இருந்தது. நீங்கள் போட்ட காபியும் நன்றாக இருந்தது. ஆனால் மதியத்துக்குள் இருமல் ஆரம்பித்ததை நீங்களே பார்த்தீர்கள். இங்கே தொண்ணூற்றொன்றுக்குக் கீழே இறங்காத எண், அங்கே கூடத்தில் நடந்ததற்கே எண்பத்தேழு ஆனது. கருவியைப் பிடித்துப் பார்த்துவிட்டு நீங்கள் என் செருப்பை எடுத்துக் கொடுத்தீர்கள். "கிளம்பு. இங்க இருக்காதே." அதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

இன்று டாக்டரிடம் கேட்டேன். எவ்வளவு கழுவினாலும் பழைய வீட்டில் அந்தத் தூள் பல மாதங்கள் இருக்குமாம். சுவர் இடுக்கு, பரண், மின்விசிறி, எங்கேயாவது. சிலருக்கு அந்த வீடு திரும்ப ஒத்துக்கொள்வதே இல்லையாம். என் தழும்பு அப்படியேதான் இருக்கும் என்றும் சொன்னார். மாடிப்படியில் நான் இனி எப்போதும் மெதுவாகத்தான் ஏறுவேன். ஆனால் அது வளரவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் எடுத்த படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வளரவில்லை!

நான் யோசித்துவிட்டேன். நீங்கள் எனக்காக அந்த வீட்டைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டாம். கடுகோடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். தரைத்தளம், படி இல்லை, ஜன்னல் இரண்டு பக்கமும். பக்கத்தில் புறாக் கூடும் இல்லை, புறா வந்து மேயும் தானியக் கடையும் இல்லை, நானே தெருவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டேன். புதுப் பள்ளி நடக்கிற தூரம். அல்சூர் உங்கள் அப்பா வாழ்ந்த வீடு, நீங்கள் பிறந்த தெரு. அதை விட்டு வாருங்கள் என்று கேட்பது சின்ன விஷயமில்லை. புறாவைக் கேட்கமாட்டேன் என்றேன். இதைக் கேட்கிறேன். என்னோடு வந்து இருங்கள்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். இன்று மழைப் பாட்டு சொல்லிக்கொடுத்தேன். கடைசி வரிவரை வந்துவிட்டேன். நடுவில் ஒரு இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, பிள்ளைகளைக் கைதட்டச் சொல்லி, அதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டேன். யாருக்கும் தெரியவில்லை.

வீணா


அல்சூர்
அக்டோபர் 20

வீணா,

அப்பா கிட்ட சொல்லியாச்சு. தங்கச்சி பையன் படிக்க அல்சூர் வீட்ட வெச்சுக்கட்டும்னார். கம்பெனியில கேட்டேன், வைட்ஃபீல்டுல லிஃப்டுக்கா பஞ்சம், நாளைக்கே மாத்தித் தரேன்னார் சூப்பர்வைசர். என்ன விட அவருக்குத்தான் சந்தோஷம்.

இங்கேருந்து பழைய சாமான் ஒண்ணும் வராது. பாத்திரம் மட்டும், அதும் ரெண்டு தடவ கழுவினது. துணி எல்லாம் புதுசு எடுத்தாச்சு. எனக்கு சட்டை நீ எடுக்கற மாதிரி கலர் வரல, பரவாயில்ல.

நேத்து சோமேஸ்வரர் கோயில் பக்கமா நடந்தேன். நீ எப்படி நடப்பேன்னு பாக்க ஒரு தடவ மெதுவா போய்ப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. கடையெல்லாம் கண்ணுக்குத் தெரியுது.

ஞாயித்துக்கிழமை காலைல ரெமிஜியஸ் வேன்லயே வரோம். நீ எதையும் தூக்காதே. பெருக்கவும் வேணாம், அது இனிமே என் வேலை. சாவிய மட்டும் கையில வெச்சுக்கிட்டு வாசல்ல ஒரு நாற்காலி போட்டு உக்காந்திரு. நான் வந்ததும் எழுந்து கதவத் திற.

நரேஷ்